கேம்பிரிட்ஜ் விண்ணப்பத்தில் எந்தக் கல்லூரியை எழுதுவது?

கேம்பிரிட்ஜில் பொறியியல் படிக்க விண்ணப்பிக்கப் போகிறீர்கள். விண்ணப்பத்தில் கல்லூரியின் பெயரைக் கேட்கும் இடத்தில் வந்து நின்றுவிட்டீர்கள். எந்தக் கல்லூரிக்குப் பெயர் அதிகம், எதில் எளிதாக இடம் கிடைக்கும், தவறான ஒன்றை எழுதிவிட்டால் வாய்ப்பே போய்விடுமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேட்காத நான்காவது கேள்வி ஒன்று உண்டு: நான்கு ஆண்டுகள் எங்கே தூங்கி, எங்கே சாப்பிட்டு, விடுமுறையில் எங்கே இருந்து படிக்கப் போகிறீர்கள் என்பது. கல்லூரித் தேர்வு உண்மையில் அந்தக் கேள்விக்கான விடைதான். இதை நான் அங்கே படித்து முடித்த பிறகே தெளிவாக உணர்ந்தேன். நீங்கள் முன்னதாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

குழப்பம் கல்லூரி என்ற சொல்லிலிருந்தே தொடங்குகிறது. தனியாகப் பாடம் நடத்தி, தனக்கென ஒரு தரம் வைத்திருக்கும் நிறுவனத்தையே அந்தச் சொல் நமக்கு நினைவூட்டுகிறது. கேம்பிரிட்ஜில் இருக்கும் 31 கல்லூரிகள் அப்படிப்பட்டவை அல்ல. விரிவுரைகளை நடத்துவது, ஆய்வகங்களை வைத்திருப்பது, வினாத்தாள் எடுப்பது, விடைத்தாள் திருத்துவது, பட்டம் தருவது எல்லாம் பல்கலைக்கழகத்தின் வேலை. டிரினிட்டியில் சேர்ந்தவரும் கர்ட்டனில் சேர்ந்தவரும் ஒரே அரங்கில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஒரே விரிவுரையைக் கேட்டு, ஒரே தேர்வை எழுதுகிறார்கள். கல்லூரியின் பொறுப்பு வேறு: உங்களைத் தேர்ந்தெடுப்பது, தங்க அறை கொடுப்பது, சாப்பாட்டுக் கூடம் நடத்துவது, உடல்நலமோ மனநலமோ குன்றும்போது கவனித்துக்கொள்வது, இவற்றோடு சூப்பர்விஷன் என்ற சிறு குழு வகுப்புகளை ஏற்பாடு செய்வது. இரண்டு மூன்று மாணவர்கள் ஓர் ஆசிரியரோடு உட்கார்ந்து, தாங்கள் எழுதிக் கொடுத்த கணக்குகளை வரிவரியாகப் பார்க்கும் வகுப்பு அது. அதை எடுப்பவர்கூட உங்கள் கல்லூரிக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மேல் ஆண்டுகளுக்குப் போகப்போக, அந்தந்தப் பாடத்தில் தேர்ந்தவர் எந்தக் கல்லூரியில் இருக்கிறாரோ அங்கே சைக்கிளில் போய்ப் படித்துவிட்டு வருவீர்கள்.

எளிதாக இடம் கிடைக்கும் கல்லூரி என்று ஒன்று இருக்கிறதா என்ற கேள்விக்கு வருகிறேன். ஒவ்வொரு கல்லூரிக்கும் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்ற எண்களைப் பல்கலைக்கழகமே வெளியிடுகிறது. அதைப் பார்த்ததும், விண்ணப்பம் குறைவாக வரும் கல்லூரியை எழுதினால் போட்டி குறையும் என்று தோன்றுவது இயல்பு. அந்த எண்ணத்தை முறியடிப்பதற்காகவே பூல் என்ற ஏற்பாடு இருக்கிறது. கூட்டம் அதிகமான கல்லூரியில் தகுதியிருந்தும் இடம் போதாமல் விடுபட்டவர்களின் கோப்புகள், டிசம்பர் நேர்காணல்கள் முடிந்தபின் ஜனவரியில் பொதுவில் வைக்கப்படுகின்றன. மற்ற கல்லூரிகள் அவற்றைப் படித்து வேண்டியவர்களை எடுத்துக்கொள்கின்றன. விண்ணப்பம் குறைவாக வந்த கல்லூரி, தனக்கு நேராக வந்தவர்களை வைத்து மட்டும் இடங்களை நிரப்பிவிடுவதில்லை. பூலில் இன்னும் வலுவானவர் இருந்தால் அவரைத்தான் எடுக்கும். ஆகவே போட்டி குறைந்த கல்லூரியைத் தேடிப் பிடித்தாலும், கடைசியில் நீங்கள் போட்டியிடுவது பல்கலைக்கழகம் முழுவதற்கும் விண்ணப்பித்தவர்களோடுதான். இடம் தருவதாக அழைப்பு பெறுபவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இந்தப் பூல் வழியாகத் தாம் எழுதாத ஒரு கல்லூரியிலிருந்தே அதைப் பெறுகிறார். எழுதிய கல்லூரி எடுக்காததால் தகுதியுள்ளவர் தவறிப்போகக் கூடாது என்பதே இந்த ஏற்பாட்டின் நோக்கம். பூலும் மனிதர்கள் நடத்துவதுதான், குறையே இல்லாதது என்று சொல்லமாட்டேன். ஆனால் கல்லூரிப் பெயரை வைத்துச் சூதாடுவதில் செலவிடும் நேரத்தை நுழைவுத் தேர்வுக்கான கணக்குகளில் செலவிட்டால் பலன் பல மடங்கு என்று உறுதியாகச் சொல்வேன்.

பெயர் பற்றிய கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. எட்டாம் ஹென்றி 1546இல் நிறுவிய டிரினிட்டி பெரிய கல்லூரி, பணக்காரக் கல்லூரி, நியூட்டன் இருந்த இடம். 1284இல் தொடங்கிய பீட்டர்ஹவுஸ் எல்லாவற்றிலும் பழையது. இந்தப் பெருமைகள் மெய்யானவை. ஆனால் வேலைக்கோ மேற்படிப்புக்கோ உங்கள் பட்டத்தைப் பார்ப்பவர் பல்கலைக்கழகத்தின் பெயரையும் உங்கள் வகுப்பையும்தான் பார்க்கிறார். தேர்வு முடிவுகளை வைத்துக் கல்லூரிகளை வரிசைப்படுத்தும் பட்டியல்களும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டின் நாரிங்டன் பட்டியல் முதல் வகுப்புக்கு 5, இரண்டாம் வகுப்பின் மேல் பிரிவுக்கு 3, கீழ்ப் பிரிவுக்கு 2, மூன்றாம் வகுப்புக்கு 1 என்று மதிப்பெண் கொடுத்துக் கூட்டுகிறது. இறுதியாண்டில் நூறு பேர் இருக்கும் கல்லூரியில் ஐந்து பேர் மேல் பிரிவிலிருந்து முதல் வகுப்புக்கு ஏறினால் அதிகபட்சமான ஐந்நூறுக்குப் பத்து, அதாவது நூற்றுக்கு இரண்டு புள்ளிகள் கூடும். பட்டியலின் நடுப்பகுதியில் கல்லூரிகள் நெருக்கமாக நிற்பதால் அந்த இரண்டு புள்ளிகளே பல இடங்களை மாற்றிவிடும். ஐந்து பேரின் தேர்வு முடிவு, அடுத்த ஆண்டு சேரப் போகும் உங்களைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும்?

இனி நான்காவது கேள்விக்கு வருகிறேன்.

முதலில் தூரம். கேம்பிரிட்ஜ் சிறிய ஊர்தான். பருவ காலத்தில் இளநிலை மாணவர்கள் கிரேட் செயின்ட் மேரீஸ் தேவாலயத்திலிருந்து மூன்று மைல் சுற்றளவுக்குள் தங்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. அந்த மூன்று மைலுக்குள்ளும் வேறுபாடு பெரிது. நகர மையத்திற்கு அருகில் என்பதை வைத்துக் கல்லூரியைத் தேடாதீர்கள். உங்கள் துறைக்கு அருகில் எது என்று பாருங்கள். பொறியியல் துறையின் முக்கியக் கட்டடங்கள் டிரம்பிங்டன் தெருவில் இருக்கின்றன. பீட்டர்ஹவுஸ், பெம்ப்ரோக் போன்றவற்றிலிருந்து நடந்தே போய்விடலாம். கர்ட்டன் வடமேற்கே இரண்டரை மைல் தள்ளி இருக்கிறது. காலை ஒன்பது மணி விரிவுரைக்குத் தினமும் சைக்கிள் மிதிக்க வேண்டும், பிப்ரவரி மழையிலும் மிதிக்க வேண்டும். அதற்கு ஈடாகக் கர்ட்டனில் பரந்த தோட்டமும் அமைதியும் கிடைக்கும். அது வேண்டும் என்று தேடிப் போய் மகிழ்ச்சியாக இருப்பவர்களும் உண்டு. இதே கணக்கு பாடத்துக்குப் பாடம் மாறும். இயற்பியல் மாணவருக்குக் கேவண்டிஷ் ஆய்வகம் நகரின் மேற்குப் பக்கத்தில் இருப்பதால் சர்ச்சில் கல்லூரி வசதி. கலைப் பாடங்கள் நடக்கும் சிட்விக் வளாகத்திற்கு எதிரிலேயே செல்வின் இருக்கிறது. மருத்துவ மாணவருக்கு ஆடன்புரூக்ஸ் மருத்துவமனை இருக்கும் தெற்குத் திசை முக்கியம். ஒரு வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, உங்கள் துறையையும் ஐந்தாறு கல்லூரிகளையும் கோடிட்டுப் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது அறை. இதைப் பற்றித்தான் விண்ணப்பிக்கிறவர்கள் மிகக் குறைவாக விசாரிக்கிறார்கள், சேர்ந்தபின் மிக அதிகமாக அவதிப்படுகிறார்கள். கேம்பிரிட்ஜின் ஆண்டு, எட்டு எட்டு வாரமாக மூன்று பருவங்கள். இடையில் நீண்ட விடுமுறைகள். சில கல்லூரிகள் பருவத்தை ஒட்டிய வாரங்களுக்கு மட்டும் அறையை வாடகைக்குக் கொடுக்கும். பருவம் முடிந்ததும் காலி செய்துவிட வேண்டும், கருத்தரங்குக்கு வரும் விருந்தினர்களுக்கு அதே அறை போய்விடும். நான் இருந்த கல்லூரியில் டிசம்பர் மாதத்தின் அந்தச் சனிக்கிழமை காலை இன்னும் கண்முன் நிற்கிறது: பத்து மணிக்குள் சாவியைப் போர்ட்டர் என்ற வாயில்காப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும், இரண்டு பேர் ஒதுங்கி நிற்க முடியாத வளைவான கல் படிக்கட்டில், மூன்றாம் மாடியிலிருந்து புத்தகப் பெட்டிகளையும் சமையல் பாத்திரங்களையும் போர்வை மூட்டையையும் ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தோம். மற்ற மாணவர்களின் பெற்றோர் காரோடு வாசலில் நின்றார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த எங்கள் மூன்று பேருக்குப் பெட்டிகளை வைக்கப் படிக்கட்டின் அடியில் ஒரு சிறு அறை கொடுத்தார்கள். அதுவும் ஆளுக்கு இரண்டு பெட்டிக்கு மேல் இல்லை. ஐந்து வாரம் கழித்து அவ்வளவையும் திரும்ப ஏற்றினோம்.

வேறு சில கல்லூரிகள் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் விடுமுறைகளையும் சேர்த்து ஒரே ஒப்பந்தமாகக் கொடுக்கின்றன. விடுமுறைக்கு விடுமுறை ஊருக்குப் பறந்து வர முடியாத மாணவருக்கு இதுதான் வரம். இதைக் கவனிக்காமல் வார வாடகையை மட்டும் ஒப்பிட்டால் கணக்கு தப்பிவிடும். எடுத்துக்காட்டுக்காக எண்களை வைத்துக்கொள்வோம்: ஒரு கல்லூரியில் வாரம் 160 பவுண்டு, 39 வார ஒப்பந்தம், இன்னொன்றில் வாரம் 190 பவுண்டு, 30 வாரம். முதலாவது ஆண்டுக்கு 6,240, இரண்டாவது 5,700. விடுமுறையில் வீடு திரும்புகிறவருக்கு வார வாடகை கூடிய கல்லூரியே மலிவு. ஆனால் அந்த ஒன்பது வாரமும் அங்கேயே தங்க வேண்டியவர் இரண்டாவது கல்லூரியில் மேலும் 1,710 பவுண்டு கட்டி, மொத்தம் 7,410 செலவழிப்பார்; அதுவும் விடுமுறையில் தங்க அனுமதி கிடைத்தால்தான். எத்தனை வாரம், விடுமுறையில் தங்க முடியுமா, தங்கினால் அதே அறையா வேறு அறையா என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்காமல் வாடகையைப் பற்றிப் பேசுவதில் பொருளே இல்லை.

உங்களுக்கு இன்னொன்றும் முக்கியம். கேம்பிரிட்ஜின் பொறியியல் படிப்பு பொதுவாக நான்கு ஆண்டு. பெரும்பாலான கல்லூரிகள் மூன்று ஆண்டுகளுக்கு அறை உறுதி தரும். நான்காம் ஆண்டைப் பற்றி எல்லாக் கல்லூரிகளும் ஒரே மாதிரி பேசுவதில்லை. உறுதியா, முயற்சி செய்வோம் என்பதா, அந்தச் சொல்லைக் கூர்ந்து படியுங்கள். ஆக்ஸ்ஃபோர்டில் இந்தச் சிக்கல் இன்னும் முன்னதாகவே வரும்: சில கல்லூரிகளில் ஓர் ஆண்டு வெளியில் வீடு எடுத்துத் தங்க வேண்டியிருக்கும். வெளியில் வீடு என்றால் பெரும்பாலும் பன்னிரண்டு மாத ஒப்பந்தம், முன்பணம், நான்கைந்து பேர் சேர்ந்து பல மாதங்களுக்கு முன்பே வீடு தேடும் பதற்றம். வந்து இறங்கிச் சில வாரங்களே ஆன நிலையில், யாரோடு அடுத்த ஆண்டு ஒரே வீட்டில் வாழ்வது என்று முடிவெடுப்பது பதினெட்டு வயதில் எளிதல்ல.

சமையலறையையும் கட்டாயம் விசாரியுங்கள். கேம்பிரிட்ஜில் அதை ஜிப் என்பார்கள். பழைய கட்டடங்களில் அது உண்மையில் ஒரு சந்து: ஒரு தொட்டி, ஒரு மைக்ரோவேவ், ஒரு சிறு மின்னடுப்பு, எட்டுப் பேருக்குப் பொதுவான ஒரு குளிர்பெட்டி, தலைக்கு மேல் எப்போது அலறும் என்று தெரியாத புகை எச்சரிக்கை மணி. மாணவர்கள் கூடத்துக்கு வந்து சாப்பிடுவார்கள் என்று எண்ணிக் கட்டப்பட்டவை அவை. புதிய கட்டடங்களில் முழு அடுப்போடு, உட்கார்ந்து சாப்பிட மேசையும் இருக்கும். சைவம் மட்டும் உண்பவர்கள், தாமே சமைத்தால்தான் வயிறு நிறையும் என்பவர்கள் இதை ஒரு சிறு விஷயமாக ஒதுக்கிவிடக் கூடாது. 1914இல் டிரினிட்டிக்குப் போன ராமானுஜன் சைவ உணவுக்காகத் தம் அறையிலேயே சமைத்துக்கொண்டிருந்தார். அதைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. இன்று கூடங்களில் சைவ உணவு தினமும் உண்டு, நிலைமை எவ்வளவோ மாறிவிட்டது. ஆனாலும் சில கல்லூரிகளில் நீங்கள் கூடத்தில் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் பருவத்துக்கு இவ்வளவு என்று சமையல்கூடக் கட்டணம் ஒன்று வாங்குகிறார்கள். அறை வாடகைப் பட்டியலில் அது தெரியாது, தனியாகக் கேட்க வேண்டும்.

பணத்தைப் பற்றிப் பேசும்போது வெளிநாட்டு மாணவர்கள் அறிய வேண்டியது ஒன்று: கேம்பிரிட்ஜில் பல்கலைக்கழகக் கட்டணத்தோடு கல்லூரிக் கட்டணம் என்று தனியாக ஒன்று உண்டு. ஆண்டுக்கு 10,000 பவுண்டு என்ற அளவில் இருக்கும் இந்தத் தொகை கல்லூரிக்குக் கல்லூரி மாறுகிறது. நான்கு ஆண்டுக்குப் பெருக்கினால் வேறுபாடு சில ஆயிரங்கள் ஆகலாம். ஆக்ஸ்ஃபோர்டில் அப்படி இல்லை, எந்தக் கல்லூரியானாலும் பாடக் கட்டணம் ஒன்றே. கேம்பிரிட்ஜ் கல்லூரிகள், முழுப் படிப்புக்கும் தேவையான பணம் இருக்கிறது என்பதற்கு உறுதியும் கேட்கும். பணக்காரக் கல்லூரிகளில் புத்தகத்துக்கு, பயணத்துக்கு, திடீர் நெருக்கடிக்கு என்று உதவித்தொகைகள் தாராளமாக இருக்கக்கூடும். கல்லூரியின் செல்வம் மாணவரின் கைக்கு எட்டுவது இந்த வழியில்தான். இதற்காக ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதை நான் தவறென்று சொல்லமாட்டேன்.

ஆள்தொகை, குணம், விளையாட்டு, இசை பற்றியெல்லாம் மாணவர்கள் நிறையப் பேசுவார்கள். சிறிய கல்லூரியில் இரண்டு வாரத்தில் எல்லோரையும் தெரிந்துவிடும்; அது சிலருக்குக் கதகதப்பு, சிலருக்கு மூச்சுமுட்டல். படகு விடும் குழுவோ பாடகர் குழுவோ எங்கும் உண்டு, பல்கலைக்கழக அளவிலும் உண்டு. இந்தக் கல்லூரி இப்படிப்பட்டவர்களுக்கு என்ற பேச்சு பல ஆண்டுகளுக்கு முந்தைய நிலையாகவே பெரும்பாலும் இருக்கும். உறுதியான வேறுபாடுகள் சில மட்டுமே: நியூனமும் மரே எட்வர்ட்ஸும் பெண்களுக்கானவை, ஹியூஸ் ஹால், செயின்ட் எட்மண்ட்ஸ், உல்ஃப்சன் ஆகியவை 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு, டார்வின், கிளேர் ஹால் இரண்டும் மேற்பட்டப் படிப்புக்கு, சர்ச்சிலில் அறிவியல், தொழில்நுட்ப மாணவர்கள் பெரும்பான்மை.

படிப்பு சார்ந்து கல்லூரி வேறுபடும் இடம் ஒன்று உண்மையில் இருக்கிறது. ஒவ்வொரு பாடத்துக்கும் கல்லூரியில் டைரக்டர் ஆஃப் ஸ்டடீஸ் என்று ஒருவர் இருப்பார். சூப்பர்விஷன்களை ஏற்பாடு செய்வதும், நீங்கள் தடுமாறும்போது முதலில் கவனிப்பதும் அவரே. உங்கள் பாடத்தில் ஆண்டுக்கு எத்தனை பேரை அந்தக் கல்லூரி எடுக்கிறது என்று பாருங்கள். பத்துப் பதினைந்து பேர் இருந்தால் இரவு பதினொரு மணிக்கு ஒரு கணக்கில் மாட்டிக்கொள்ளும்போது கதவைத் தட்டக் கூடப் படிப்பவர் பக்கத்து அறையில் இருப்பார். இரண்டு மூன்று பேர் மட்டும் என்றால் ஆசிரியரின் கவனம் கூடும், துணை குறையும். எனக்குப் பதினைந்து பேர் பக்கம்தான் சாய்வு. அங்கே நான் கற்றதில் பெரும்பகுதி அந்த இரவு நேரக் கதவுகளுக்குப் பின்னால் கற்றது.

பட்டமேற்படிப்புக்குப் போகும் உங்கள் அண்ணனுக்கு இதில் பாதிகூடப் பொருந்தாது. அங்கே துறைதான் முதலில் தேர்ந்தெடுக்கிறது, கல்லூரி பிறகு வருகிறது, கல்லூரி பாடமும் நடத்துவதில்லை. குடும்பத்தோடு தங்க இடம் உண்டா, அந்தக் கல்லூரியைக் குறிப்பிட்டால் மட்டும் கிடைக்கும் உதவித்தொகை உண்டா என்ற இரண்டையும் பார்த்தால் அவருக்குப் போதும்.

இத்தனையும் படித்தபின் எதுவும் மனதுக்குப் பிடிபடவில்லை என்றால், கல்லூரி எதையும் குறிப்பிடாமல் விண்ணப்பிக்கலாம். பல்கலைக்கழகமே ஒன்றை ஒதுக்கும், அதன்பின் நீங்கள் அதற்கே நேரடியாக விண்ணப்பித்தவராகக் கருதப்படுவீர்கள். வாய்ப்பு இதனால் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. ஒதுக்கியபின் மாற்ற முடியாது என்பதையும், பெண் விண்ணப்பதாரருக்குப் பெண்கள் கல்லூரி ஒதுக்கப்படலாம் என்பதையும் தெரிந்துகொண்டு செய்யுங்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 14 உறைவிடக் கல்லூரிகள் இருக்கின்றன. மாணவர்களைப் பல்கலைக்கழகமே அவற்றுக்கு ஒதுக்கிவிடுகிறது. அவர்களும் தங்கள் கல்லூரியின்மேல் உயிரையே வைத்திருக்கிறார்கள்.

ஆனால் உங்கள் நிலையில் நான் வெறுமையாக விடமாட்டேன். விடுமுறைக்கு விடுமுறை ஊருக்கு வர முடியாது என்றும், நீங்களே சமைத்துக்கொள்வீர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டே போதும், பட்டியலைச் சுருக்கிவிடலாம். துறைக்கு நடந்தோ பத்து நிமிடச் சைக்கிளிலோ போகக்கூடிய ஐந்து கல்லூரிகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் சேர்க்கை அலுவலகத்துக்கும் ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள்: வெளிநாட்டு மாணவர் கிறிஸ்துமஸ் விடுமுறையில் தம் அறையிலேயே தங்க முடியுமா, நான்காம் ஆண்டுக்கு அறை உறுதியா, முதலாண்டு மாணவரின் சமையலறையில் என்னென்ன இருக்கிறது, உங்கள் கல்லூரிக் கட்டணமும் சமையல்கூடக் கட்டணமும் எவ்வளவு. தயங்க வேண்டாம், இப்படிக் கேட்பது விண்ணப்பத்தைப் பாதிக்காது, பதில் சொல்வது அவர்கள் வேலை. விண்ணப்பத்துக்கான கடைசி நாள் பெரும்பாலும் அக்டோபர் 15. ஆகஸ்டிலேயே எழுதிவிட்டால் பதில்களை ஒப்பிட்டுப் பார்க்க நிதானமான நேரம் கிடைக்கும். பதில்கள் வந்ததும் சொல்லுங்கள், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.